வணிக இணையதளங்களில் வழுநீக்கம்: எது காட்டத்தக்கது, எது காக்கத்தக்கது?

சில ஆண்டுகளுக்கு முன்பு சூரத் நகரிலுள்ள நம் கிளையொன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு இரண்டு வாரங்கள் இருந்த நிலையில், சேலை வணிகம் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் கையில் சில தாள்களுடன் என் மேசைக்கு வந்தார். கடையில் விற்பதோடு, சொந்த இணையதளத்தின் வாயிலாகவும் நாடெங்கும் சேலைகளை அனுப்பிவருபவர் அவர். சில நாள்களாக வாங்குவோர் சிலரின் கணக்கிலிருந்து பணம் கழிந்துவிடுகிறது. ஆனால் இணையதளத்தில் ஆர்டர் பதிவாவதில்லை. அந்தப் பணம் தம் கணக்கிற்கு வந்ததா, இல்லையா என்பதே அவருடைய வினா.

வாங்கியவர்களுள் ஒருவர் தம் கைப்பேசித் திரையில் கண்டதை மூன்று படங்களாக எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தார். அவற்றையே அவர் அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார். 'பிழை ஏற்பட்டுள்ளது' என்னும் ஒருவரி அறிவிப்பை எதிர்பார்த்துத் தாளை வாங்கிய எனக்கு நீண்ட பட்டியல் ஒன்று காத்திருந்தது. கோப்புகளின் பெயர்கள், நிரலின் வரிகள், அவற்றுக்கிடையே தரவுத்தளத்தின் பயனர்பெயர், அதன் கடவுச்சொல், இணையவழிப் பணம் பெறும் நுழைவாயில் நிறுவனம் அவருக்கு வழங்கியிருந்த இரகசியத் திறவுகோல் ஆகிய யாவும் எழுத்துப் பிசகாமல் அச்சாகியிருந்தன.

இணையதளத்தைப் பராமரிப்பவரை அங்கிருந்தே தொலைபேசியில் அழைத்தோம். பிழையின் காரணம் பிடிபடவில்லை என்றும், மீண்டும் நேரும்போது கண்டறிவதற்காகச் சர்வரில் 'டீபக்' வசதியை இயக்கி வைத்திருப்பதாகவும் அவர் கூறினார். எத்தனை நாள்களாக என்று கேட்டதற்கு, ஐந்து நாள்கள் என்று விடை வந்தது. அந்த ஐந்து நாள்களும் வணிகரின் பெட்டகச் சாவி வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை அவரும் உணரவில்லை, வணிகரும் அறியவில்லை.

இன்று நம் வாடிக்கையாளர்களுள் சிறு வணிகர் பலர் சொந்த இணையதளம் வைத்துள்ளனர். அதைப் பராமரிக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் வெளியாரிடம் ஒப்படைக்கின்றனர். மக்களுக்குத் திறந்திருக்கும் இணையதளத்தில் வழுநீக்க வசதியை இயக்கலாமா என்னும் வினா தொழில்நுட்பரின் வினாவாகத் தோன்றினாலும், அதன் விளைவை ஏற்க வேண்டியவர் வணிகரே. ஆகவே அதனை எளிய முறையில் விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

வழுவும் வழுநீக்கமும்

மென்பொருளில் நேரும் பிழையைத் தமிழில் 'வழு' என்று வழங்குகிறோம். இலக்கணம் கற்றோர்க்குப் பழகிய சொல்லே இது. அவ்வழுவின் இருப்பிடத்தைத் தேடிக் கண்டு திருத்தும் பணி வழுநீக்கம் ஆகும். கணினித் துறையினர் இதனை 'டீபக்கிங்' என்பர். இணையதளங்களை உருவாக்கப் பயன்படும் மென்பொருள் கட்டமைப்புகள் பலவும் இதற்கென ஓர் அமைப்பைக் கொண்டுள்ளன. அதனை இயக்கினால், பிழை நேர்ந்த கணத்தில் எந்தக் கோப்பின் எந்த வரி இயங்கிக்கொண்டிருந்தது, எந்த வழியாக அவ்வரிக்கு வந்து சேர்ந்தது, அப்போது நினைவகத்தில் என்னென்ன விவரங்கள் இருந்தன என்பன திரையிலேயே விரிந்து தோன்றும். நிரலாளருக்கு இது பெரும் உதவி. பல மணி நேரத் தேடல் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கணக்கியலில் இதற்கு ஓர் உவமை உண்டு. இருப்பாய்வின் இரு பக்கங்களும் ஒத்துவராதபோது, வேறுபாட்டுத் தொகையை அனாமத்துக் கணக்கில் இட்டுவிட்டு, ஏடுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்ப்போம். அவ்வேளையில் பேரேடு, நாளேடு, பற்றுச்சீட்டுகள் யாவும் மேசைமேல் விரிந்து கிடக்கும். கதவைச் சாத்திவிட்டுச் செய்யும் வேலை அது. வழுநீக்க வசதியும் ஏடுகள் அனைத்தையும் விரித்துவைக்கும் செயலே. நிரலாளரின் சொந்தக் கணினியில் அதைப் பார்ப்பவர் அவர் ஒருவர் மட்டுமே. மக்களுக்குத் திறந்திருக்கும் சர்வரிலோ அந்த இணையதளத்திற்கு வரும் எவரும் அதைப் பார்க்கலாம்.

விரித்த ஏட்டில் தெரிவன

பிழைப் பக்கத்தில் தெரியும் விவரங்களை மூன்று வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, அமைப்பு விவரம். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, கோப்புகள் எந்த அடைவில் உள்ளன என்பன இதில் அடங்கும். பழைய பதிப்பொன்றில் அறியப்பட்ட ஓட்டை இருந்தால், அதைத் தேடும் உழைப்பைத் திருடனுக்கு இப்பக்கம் மிச்சப்படுத்துகிறது.

இரண்டாவது, இரகசிய விவரம். தரவுத்தளக் கடவுச்சொல்லும் நுழைவாயிலின் திறவுகோலும் இதனுள் வரும். இத்திறவுகோல் வணிகரின் கையொப்பத்திற்கு நிகரானது. அதனைக் கொண்டு பரிவர்த்தனைகளைப் பார்வையிடவும், பணத்தைத் திருப்பியளிக்கும் ஆணைகளைப் பிறப்பிக்கவும் வழிவிடும் நுழைவாயில்கள் உள்ளன. சில கட்டமைப்புகள் இயன்றவரை மறைக்க முயல்வதும் உண்டு. பைத்தான் மொழியில் அமைந்த ஜாங்கோ, பெயரில் 'பாஸ்', 'சீக்ரெட்', 'கீ' போன்ற சொற்கள் இடம்பெறும் அமைவுகளின் மதிப்பைப் பிழைப் பக்கத்தில் மறைத்தே காட்டும். ஆயினும் நிரலாளர் வேறொரு பெயரிட்டு வைத்த இரகசியத்தை அது அறிய வழியில்லை.

மூன்றாவது, வாடிக்கையாளர் விவரம். பிழை நேர்ந்த வேளையில் கையாளப்பட்ட பெயர், முகவரி, கைப்பேசி எண் ஆகியவை பக்கத்தில் இடம்பெறக்கூடும். இவை வணிகருக்குச் சொந்தமானவை அல்ல, நம்பி ஒப்படைக்கப்பட்டவை.

உலகறிந்த இரு நிகழ்வுகள்

கலைஞர்களுக்கு அவர்தம் இரசிகர்கள் நிதியளிக்க உதவும் அமெரிக்க நிறுவனம் பேட்ரியான். 2015 செப்டம்பர் இறுதியில் அந்நிறுவனத்தின் தரவுகளை அயலார் கைப்பற்றினர். வழுநீக்க வசதி இயங்கிக்கொண்டிருந்த இணையதள வடிவம் ஒன்று பொதுமக்கள் அணுகும் நிலையில் இருந்ததும், அதன் வழியாகவே அவர்கள் நுழைந்ததும் நிறுவனத்தின் விளக்கத்தில் தெரியவந்தன. ஏறத்தாழ 23 லட்சம் மின்னஞ்சல் முகவரிகள் வெளியாயின. அங்குப் பயன்பட்ட வெர்க்சூக் என்னும் கருவியின் வழுநீக்கப் பக்கம் பிழையைக் காட்டுவதோடு நிற்பதில்லை. உலாவியிலிருந்தே சர்வருக்குக் கட்டளையிடும் வசதியையும் அது தருகிறது. கடவுச்சொற்கள் மீட்க அரிய வடிவில் மாற்றிச் சேமிக்கப்பட்டிருந்தமையாலும், முழுமையான அட்டை எண்கள் அங்கு இல்லாமையாலும் சேதம் ஓரளவு குறைந்தது.

இந்நிகழ்வில் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. அந்தச் சர்வர் விற்பனை நடக்கும் சர்வர் அன்று, சோதனைக்கென வைக்கப்பட்டது. ஆனால் அதில் உண்மையான தரவுத்தளத்தின் நகல் இருந்தது. வெளியுலகிற்குக் கதவும் திறந்திருந்தது. இவ்விரண்டும் அமைந்த எந்தச் சர்வரையும், பெயர் எதுவாயினும், இயங்கும் சர்வராகவே கருத வேண்டும்.

மற்றொன்று 2021 தொடக்கத்தில் வெளிப்பட்டது. உலகெங்கும் சிறு வணிகத் தளங்கள் பல லாரவெல் என்னும் கட்டமைப்பில் இயங்குகின்றன. பிழைப் பக்கங்களைக் காட்டுவதற்காக அப்போது அதனுடன் வந்த இக்னிஷன் என்னும் துணைக்கருவியில் ஓட்டை ஒன்று கண்டறியப்பட்டது. வழுநீக்க வசதி இயங்கும் தளத்தில், உள்நுழைவு எதுவுமின்றி, வெளியாள் தன் விருப்பப்படி சர்வரில் நிரலை இயக்க அது இடமளித்தது. ஓட்டை பின்னர் அடைக்கப்பட்டது. எனினும் வசதியை முன்னரே நிறுத்தி வைத்திருந்த தளங்களுக்கு அவ்வழித் தாக்குதல் நேரும் வாய்ப்பே இருக்கவில்லை.

இயலாற்றலும் குறையும்

பாதுகாப்பை விடுத்து நோக்கினும் இவ்வசதி இயங்கும் தளத்திற்குச் சுமையே. மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி. டாட் நெட் கட்டமைப்பில், ஒரு கோரிக்கை குறித்த காலத்திற்குள் முடியாவிட்டால் அதனை இடையில் நிறுத்தும் கால வரம்பு உண்டு. வழுநீக்க நிலையில் அவ்வரம்பு செயல்படாது; நிரலாளர் நிதானமாக ஆராயட்டும் என்பதே அதன் நோக்கம். விழாக்காலத்தில் ஆயிரம் பேர் ஒருங்கே வரும்போது, முடியாத கோரிக்கைகள் சர்வரில் தேங்கி நிற்கும். ஜாங்கோவோ அந்நிலையில் தரவுத்தளத்திற்கு அனுப்பும் ஒவ்வொரு வினவலையும் நினைவகத்தில் குறித்துக்கொள்வதால் சுமை கூடுகிறது. இவ்விரு கட்டமைப்புகளின் அலுவல்முறை ஆவணங்களும் இயங்கும் தளத்தில் அவ்வசதியை நிறுத்திவைக்குமாறே அறிவுறுத்துகின்றன.

மறுபக்கத்தின் நியாயம்

இவ்வளவும் கூறியபின், பராமரிப்பாளரின் இடத்திலிருந்தும் பார்ப்பது முறை. சில வழுக்கள் இயங்கும் தளத்தில் மட்டுமே தோன்றுகின்றன. சோதனைச் சர்வரில் பத்துப் பேர் பழகுவர். உண்மைத் தளத்தில் பத்தாயிரம் பேர் பழகுவர். சோதனையில் இடும் பெயர்களும் முகவரிகளும் ஒழுங்காகவே அமையும். உண்மை வாழ்வில் அவ்வாறு அமைவதில்லை.

சூரத் வணிகரின் தளத்தில் நேர்ந்ததும் அதுவே. கோவாவிலிருந்து சேலை வாங்கிய ஒருவரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது இடையில் ஒற்றை மேற்கோள் குறி வரும். அக்குறியைத் தளம் பெயரின் பகுதியாகக் கொள்ளாமல், தரவுத்தளத்திற்கு அனுப்பும் கட்டளையில் பெயர் முடியும் இடமாகக் கொண்டுவிட்டது. கட்டளை முறிந்தது, ஆர்டர் பதிவாகவில்லை. பணமோ நுழைவாயிலில் முறையாகச் செலுத்தப்பட்டுவிட்டது. அத்தகைய பெயருடைய ஒவ்வொருவருக்கும் இதே கதி நேர்ந்தது.

இதில் அடங்கிய பேராபத்தை எங்கள் தொழில்நுட்பப் பிரிவுச் சகா விளக்கியபோதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். ஒரு மேற்கோள் குறி கட்டளையை முறிக்கும் எனில், திட்டமிட்டு எழுதிய ஒரு தொடர் அக்கட்டளையை மாற்றியமைக்கவும் கூடும். திருடர்கள் தேடுவது அத்தகைய இடத்தையே. அந்தப் பிழைப் பக்கம், முறிந்த கட்டளையை முழுமையாக அச்சிட்டு, ஓட்டை எங்கே உள்ளது என்பதை ஐந்து நாள்கள் அறிவித்துக்கொண்டிருந்தது.

எனவே வழுவைத் தேடுவது தவிர்க்க இயலாதது. தேடிக் கண்ட விவரம் யாருடைய கண்ணில் படுகிறது என்பதில்தான் முடிவு அடங்கியுள்ளது.

திரைக்கு ஒரு வரி, பதிவேட்டிற்கு முழு விவரம்

வங்கிக் கவுண்டரில் மாலைக் கணக்கு ஒத்துவராவிட்டால், காசாளர் அதனை வரிசையில் நிற்போரிடம் விவரிப்பதில்லை; உள்ளே சென்று பதிவு செய்கிறார். நல்ல இணையதளமும் அவ்வாறே நடந்துகொள்ள வேண்டும். பிழை நேரும்போது, வருந்துகிறோம் என்னும் அறிவிப்பும் ஒரு குறிப்பு எண்ணும் மட்டுமே வாங்குபவரின் திரையில் தோன்ற வேண்டும். முழு விவரமும் அக்குறிப்பு எண்ணுடன் உட்பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். வாங்குபவர் எண்ணைச் சொன்னால், பராமரிப்பாளர் பதிவேட்டைத் திறந்து காரணத்தைக் காணலாம். வழு கிடைத்துவிடும், இரகசியமும் கசியாது.

பதிவேட்டில் வழக்கமாக எழுதப்படும் விவரம் போதாத வேளையும் வரும். அப்போது, ஐயத்திற்குரிய பகுதிக்கு மட்டும், குறித்த சில மணி நேரத்திற்கு மட்டும், விரிவாக எழுதச் செய்யலாம். இலக்கணத்தில் வழுவமைதி என்பதுண்டு. வழுவே எனினும் தக்க காரணம் கருதி ஏற்றுக்கொள்வது அது. அத்தகைய விலக்காகவே இதனைக் கொள்ள வேண்டும். வங்கியின் பெட்டக அறை இருவர் பொறுப்பில் இருப்பதுபோல், இந்த அனுமதியும் ஒருவர் கேட்க மற்றொருவர் அளிப்பதாக அமைதல் நன்று. காலம் முடிந்ததும் தானே நின்றுவிடும்படி அமைப்பது அதனினும் நன்று. 'பிறகு நிறுத்திவிடலாம்' என்று விட்டவையே மறக்கப்படுகின்றன.

பதிவேட்டிலும் எச்சரிக்கை தேவை. 2018 மே மாதத்தில் டுவிட்டர் நிறுவனம், பயனர்களின் கடவுச்சொற்கள் மறைவடிவம் பெறுவதற்கு முன்பே உட்பதிவேடு ஒன்றில் அப்படியே எழுதப்பட்டுவந்ததைக் கண்டறிந்து, 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டது. அட்டைத் தொழில்துறையின் பாதுகாப்புத் தரவிதிகளின்படி, பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்தபின் அட்டையின் சி.வி.வி. எண்ணை எங்கும் சேமித்து வைக்கலாகாது. வழுநீக்கப் பதிவேடும் இதற்கு விலக்கன்று. ஆகவே கடவுச்சொல், ஓ.டி.பி., அட்டை எண் போன்றவை எழுதப்படும் முன்னரே மறைக்கப்பட வேண்டும்.

சட்டத்தின் பார்வை

இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைகளின்படி, அவற்றில் குறிப்பிடப்பட்ட இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை, கவனத்திற்கு வந்த 6 மணி நேரத்திற்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாள்களுக்குப் பாதுகாக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தரவைக் காக்கத் தக்க ஏற்பாடுகளைச் செய்யத் தவறுவோர்க்கு ரூ. 250 கோடி வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. பராமரிப்பை வெளியாரிடம் ஒப்படைத்தேன் என்பது வாடிக்கையாளர் தரவைச் சேகரித்த வணிகரின் பொறுப்பை நீக்கிவிடாது.

வணிகர்கள் கேட்க வேண்டிய வினாக்கள்

உங்கள் இணையதளத்தைப் பராமரிப்பவரிடம் பின்வரும் வினாக்களைக் கேட்டு, விடைகளை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

1. இயங்கும் தளத்தில் வழுநீக்க வசதி நிறுத்தப்பட்டுள்ளதா? ஒவ்வொரு புதிய பதிப்பை ஏற்றியபின்னும் அது சரிபார்க்கப்படுகிறதா?

2. பிழை நேர்ந்தால் வாங்குபவரின் திரையில் என்ன தோன்றும்? தளத்தில் இல்லாத ஒரு முகவரியைத் தட்டச்சு செய்து நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

3. சோதனைச் சர்வரில் உண்மையான வாடிக்கையாளர் தரவு உள்ளதா? அது வெளியாரால் அணுகக்கூடியதா?

4. கடவுச்சொற்களும் நுழைவாயில் திறவுகோலும் எங்கே வைக்கப்பட்டுள்ளன? அவற்றை மாற்ற வேண்டுமெனில் எவ்வளவு நேரம் ஆகும்?

5. உட்பதிவேட்டில் எவை மறைக்கப்படுகின்றன? அதனைப் பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு?

இரகசியம் ஒருமுறை திரையில் தோன்றிவிட்டால், வசதியை நிறுத்துவது மட்டும் போதாது. தோன்றிய ஒவ்வொரு கடவுச்சொல்லையும் திறவுகோலையும் உடனே மாற்ற வேண்டும். தொலைந்த சாவி திரும்பக் கிடைத்தாலும் பூட்டை மாற்றுவதே அறிவுடைமை.

வாங்குவோர் செய்யத்தக்கவை

பணம் செலுத்தும்போது இத்தகைய நீண்ட பிழைப் பக்கம் தோன்றினால், உடனே மறுமுறை பணம் செலுத்த வேண்டாம். முதலில் உங்கள் கணக்கைப் பாருங்கள். பக்கத்தைப் படமெடுத்தால் வணிகருக்கு மட்டும் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுக்களிலோ சமூக ஊடகங்களிலோ பகிர வேண்டாம். கணக்கிலிருந்து பணம் கழிந்து, வணிகரின் அமைப்பிற்கு உறுதிப்படுத்தல் சென்றடையாத அட்டை, யு.பி.ஐ. பரிவர்த்தனைகளில், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாள்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும் என்றும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 இழப்பீடு அளிக்கப்பட வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை வரையறுத்துள்ளது. நீங்கள் செய்யாத பரிவர்த்தனை கணக்கில் தென்பட்டால், வங்கிக்கும் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணிற்கும் தாமதமின்றித் தெரிவியுங்கள்.

சூரத் வணிகர் அன்று என் மேசையிலிருந்து எழுவதற்கு முன்பே நுழைவாயிலின் திறவுகோலை மாற்றச் செய்தோம். மாலைக்குள் தரவுத்தளக் கடவுச்சொல்லும் மாறியது. வழுநீக்க வசதியும் நிறுத்தப்பட்டது. பின்னர் நுழைவாயிலின் பரிவர்த்தனைப் பட்டியலையும் தளத்தின் ஆர்டர் பட்டியலையும் அருகருகே வைத்து, வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் தயாரிப்பதுபோல் ஒவ்வொன்றாகக் குறித்தோம். பதிவாகாமல் நின்றவை பதினொன்று. அப்பதினொருவருக்கும் தீபாவளிக்கு முன்பே சேலைகள் சென்று சேர்ந்தன.

அவர் கணக்கில் பணம் எதுவும் குறையவில்லை. ஆயினும் அந்த ஐந்து நாள்களில் அப்பக்கத்தை வேறு யார் பார்த்தனர், வாங்கியவர்களின் முகவரிகளை எவரேனும் எடுத்தனரா என்று அவர் கேட்டபோது, உறுதியாக விடை சொல்ல எங்களால் இயலவில்லை. ஏடு திறந்து கிடந்ததை அறியலாம். கடந்து சென்றவர்களுள் யார் படித்தார் என்பதை அறிய இயலாது. தம் வாடிக்கையாளர்களிடம் நடந்ததை அவரே எழுதித் தெரிவித்தார். அதன்பின் அவர் தளத்தில் பிழை நேரும்போதெல்லாம் ஒரு வரியும் ஒரு குறிப்பு எண்ணும் மட்டுமே தோன்றுகின்றன.